ஷிஃப்ட் பஸ்ஸில் முடிவான வேலை

ப்ரியா: ‘மிஸ், நீங்க விளையாடி யாராவது பாத்திருக்காங்களா?’ இதாம்மா அவ எங்கிட்ட கேட்ட முதல் கேள்வி. அப்ப ஒன்பதாம் கிளாஸ் பொண்ணு, ஐஷா. நான் மாலத்தீவு ஸ்கூல்ல போய்ச் சேந்து ரெண்டு வாரம்கூட ஆகல.

சுப்புலட்சுமி: கணக்கு டீச்சரு விளையாடறதில்லன்னு சொல்ல வேண்டியதுதான.

ப்ரியா: ஏன் விளையாடறதில்ல? நெய்வேலில இல்லாத கிரவுண்டா? ஏழாவது வரைக்கும் ஓடிட்டுதான இருந்தேன். அப்புறம் நீதான் ஷூவப் புடுங்கி...

சுப்புலட்சுமி: ஆமா, எல்லாத்துக்கும் அம்மாதான். பழசக் கிளறாத. அப்பா சொன்னா சொன்னதுதான்.

ப்ரியா: என்ன சொன்னாரு? அத முழுசா சொல்லு.

சுப்புலட்சுமி: எத்தன தடவ சொல்றது... நீ வேலைய விட்டுட்ட, இனிமே திரும்பப் போகப்போறதில்லன்னு பஸ்ஸுல சொல்லிட்டாரு.

ப்ரியா: எந்த பஸ்ஸுல?

சுப்புலட்சுமி: மைன்ஸ் போற ஷிஃப்ட் பஸ்ஸுலதான், வேற எதுல?

ப்ரியா: என் வேலைய... என்னை ஒரு வார்த்த கேக்காம... மைன்ஸ் பஸ்ஸுல வச்சு ராஜினாமா பண்ணிட்டாரா?

சுப்புலட்சுமி: பஸ்ஸுல சொன்னா அது பேச்சு இல்லடி, முடிவு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுல சொன்னது செகண்ட் ஷிஃப்ட் ஏறும்போது டவுன்ஷிப் பூரா தெரிஞ்சிரும். இப்ப நீ லீவு முடிஞ்சுதுன்னு ஞாயித்துக்கிழம பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பினா, அவரு எந்த முகத்தோட பஸ் ஏறுவாரு?

ப்ரியா: ஸ்கூட்டர்ல போகட்டும்.

சுப்புலட்சுமி: வாயி... அங்க போய்த்தான் இந்த வாயி.

ப்ரியா: நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? எதுக்கு அப்படிச் சொன்னாராம்?

சுப்புலட்சுமி: எல்லாம் அந்த வீடியோவால. நம்ம பிளாக் வாட்ஸப் குரூப்ல வந்திருச்சு. தலையிலேருந்து கால் வரைக்கும் செவப்புத் தண்ணி. பின்னாடி வாளியோட பொண்ணுங்க. நீ டீச்சரு... சிரிச்சுக்கிட்டு ஓடுற.

ப்ரியா: அங்க ஈத் பெருநாள்னா அப்படித்தான். தென்ன ஓலையில ஆள் உயரத்துக்கு மீன் பின்னித் தூக்கிட்டு வருவாங்க. கலர் தண்ணி ஊத்துவாங்க. யாரையும் விட மாட்டாங்க. எங்க பிரின்சிபால் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய் ஒளிஞ்சாரு. இழுத்துட்டு வந்து ஊத்தினாங்க.

சுப்புலட்சுமி: எதிர் வீட்டு ருக்குமணி கேக்கறா, ‘உங்க பொண்ணு அங்க பாடம் நடத்துதா, கூத்து நடத்துதா’ன்னு.

ப்ரியா: அவ வீடியோவ கடைசி வரைக்கும் பாத்தாளா? நான் பந்து அடிக்கறத பாத்தாளா?

சுப்புலட்சுமி: அது ஒரு ஆட்டமா? வலைக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு...

ப்ரியா: பாஷி. பொம்பளைங்க ஆடற ஆட்டம். அப்படித்தான் நிக்கணும். திரும்பிப் பாக்காம பந்தத் தலைக்கு மேல பின்பக்கமா அடிக்கணும். அந்தப் பக்கம் நிக்கறவங்க வெறுங்கையால புடிக்கணும். மொத மாசம் நான் அடிச்சது எல்லாம் பக்கத்து வீட்டு முருங்கமரத்துலதான் விழுந்துச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆனா சாயங்காலம் ஆனா ரூம் வாசல்ல வந்து நிப்பாங்க. ‘மிஸ், வாங்க, இன்னிக்கு வரும்’னு. ஒரு நாள் வந்துச்சும்மா. ஒருத்தியாலயும் புடிக்க முடியல. ஐஷா என்னைத் தூக்கிட்டா.

சுப்புலட்சுமி: தூக்கிட்டாளா... அது என்ன மரியாத?

ப்ரியா: மரியாததாம்மா அது. உனக்குப் புரியாது... அடுத்த வாரம் ஃபைனல், பக்கத்துத் தீவு ஸ்கூலோட. ஐஷா கேப்டன், நான் கோச். அது போனாகூடப் போகட்டும். திங்கக்கிழம நான் அங்க நேர்ல நின்னு காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடலன்னா வேலையே போயிரும். என் எடத்துக்கு ஆள் ரெடியா இருக்காங்க.

சுப்புலட்சுமி: அதான் நிக்க முடியாதே.

ப்ரியா: ஏன் முடியாது?

சுப்புலட்சுமி: அந்தத் துணியெல்லாம் மடிச்சு வையி, கண்டபடி கிடக்கு.

ப்ரியா: அம்மா... காலையிலேருந்து பாஸ்போர்ட்டத் தேடறேன். நீ பாத்துக்கிட்டே இருக்க. எங்க அது?

சுப்புலட்சுமி: அப்பா எடுத்துட்டுப் போயிட்டாரு. மைன்ஸ்ல அவரு லாக்கர்ல இருக்கு.

ப்ரியா: லாக்கர்ல...

சுப்புலட்சுமி: கோவப்படாத. அவரு வந்ததும் நீ ஒண்ணும் கேக்காத. நான் பக்குவமா பேசிக்கறேன்.

ப்ரியா: நான் என்ன, அவரு ஹெல்மெட்டா? ஷிஃப்ட் முடிஞ்சா லாக்கர்ல வச்சுப் பூட்டறதுக்கு? எனக்கு வயசு இருபத்தொம்பது. ஒரு கிளாஸ் பூரா நான் சொன்னா எந்திரிச்சு நிக்குது. இந்த வீட்ல என் பேரு இருக்கற ஒரு புக்க என் கையில வச்சுக்க முடியல.

சுப்புலட்சுமி: கத்தாத. ருக்குமணி ஜன்னல்ல நிப்பா.

ப்ரியா: நிக்கட்டும். கேக்கட்டும். பஸ்ஸுல போய்ச் சொல்லட்டும். அந்தப் பசங்க எனக்குப் பண்டிகை கொண்டாடினாங்கம்மா. பொங்கலுக்கு லீவு குடுக்கலன்னு நான் உக்காந்திருந்தப்ப, கரும்புக்கு எங்க போறதுன்னு தென்னங்குருத்தக் கட்டி நிக்க வச்சாங்க. கலர் சாக்பீஸ்ல கோலம். பானை பொங்கறப்ப கத்தணும்னு ஒரு வாரம் பழகிக்கிட்டு வந்தாங்க.

சுப்புலட்சுமி: தெரியும். போட்டோ அனுப்பினியே.

வேலுமணி: என்ன சத்தம்... கேட்டு வரைக்கும் கேக்குது.

சுப்புலட்சுமி: ஒண்ணுமில்லங்க. கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு போடறேன்.

ப்ரியா: வாங்கப்பா. இன்னிக்கு பஸ்ஸுல என்ன தீர்ப்பு சொன்னீங்க?

வேலுமணி: என்ன தீர்ப்பு?

ப்ரியா: பாஸ்போர்ட்டக் குடுங்க.

வேலுமணி: எந்த பாஸ்போர்ட்டு? உன்னுதா? எங்கிட்ட ஏது பாப்பா?

சுப்புலட்சுமி: மொதல்ல கை கழுவுங்கன்னு...

ப்ரியா: உங்க லாக்கர்ல இருக்குதாமே.

வேலுமணி: என் லாக்கர்ல ஷூ வைக்கவே எடம் இல்ல... யாரு சொன்னா?

ப்ரியா: நான் வேலைய விட்டுட்டேன்னு பஸ்ஸுல நீங்க சொல்லல?

வேலுமணி: பஸ்ஸுல நானா? உக்காந்தா தூங்கிருவேன். மைன்ஸ் கேட்டு வந்தா எதிர் வீட்டு சிவக்குமார்தான் தோளத் தட்டி எழுப்புவான். அவன்தான் அன்னிக்குச் சொன்னான், ‘அண்ணே, பொண்ணு இனிமே இங்கயேதானாமே, ருக்குமணி சொன்னா’ன்னு.

ப்ரியா: நீங்க கோவப்படல? வீடியோவப் பாத்து?

வேலுமணி: கோவமா? குரூப்ல போட்டதே நான்தான். முதுகக் காட்டிக்கிட்டு அடிச்ச பாரு... ஒருத்தி கைக்கும் சிக்கல. சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன்.

ப்ரியா: அப்ப நான் வேலைய விட்டேன்னு கேள்விப்பட்டதும் எங்கிட்ட ஏன் கேக்கல?

வேலுமணி: நீ எதையும் அம்மாகிட்டதான மொதல்ல சொல்லுவ. எங்கிட்ட நீயா சொல்லட்டும்னு இருந்தேன்... நீ இங்கயே இருப்பன்னு சந்தோஷமாவும் இருந்துச்சு. அதான் அதுக்கு மேல கேக்கல.

ப்ரியா: ருக்குமணிக்கு யாரு சொன்னா? அம்மா... உன்னத்தான். எங்க பாக்கற?

சுப்புலட்சுமி: நான்தான் சொன்னேன்.

வேலுமணி: சுப்பு...

சுப்புலட்சுமி: நான் சொன்னா இவ கேக்க மாட்டா. அப்பா சொன்னாருன்னா கொஞ்சம் யோசிப்பா.

ப்ரியா: அதுக்காக? அவரு வாயிலேருந்து வராத வார்த்தைய வச்சு என்னைக் கட்டிப்போடுவியா? காலையிலேருந்து இந்த மனுஷன என்னென்ன நெனச்சேன் தெரியுமா? ஒரு வேலைய வாங்கறதுக்கு நான் பட்டது உனக்குத் தெரியாதா? பொய் சொல்லி அதப் புடுங்கற. பெத்தவ பண்ற காரியமா இது?

சுப்புலட்சுமி: பொய்யப் பத்தி நீ பேசாத.

ப்ரியா: பேசுவேன். நான் என்ன பொய் சொன்னேன்?

வேலுமணி: விடு பாப்பா, சாப்பிட்டுப் பேசிக்கலாம்...

சுப்புலட்சுமி: நீங்க சும்மா இருங்க. அவ கேட்டா, நான் சொல்றேன். மூணு பொங்கலுக்கும் லீவு குடுக்க மாட்டேங்கறாங்கன்னு போன்ல அழுத. நான் இங்க குக்கர்ல பொங்கல் வச்சேன். பானை எடுக்கக் கை வரல. இவரு அந்த ஸ்கூல வாய்க்கு வந்தபடி திட்டினாரு. போன வாரம் மெயின் பஜார்ல உமாராணி டீச்சரப் பாத்தேன். இங்க முத்தாண்டிக்குப்பத்துக்காரங்க. மாலத்தீவுல உன் ஸ்கூல்லதான் சயின்ஸ் எடுக்கறாங்களாமே. மூணு பொங்கலுக்கும் வூட்டுக்கு வந்துட்டுப் போனாங்களாம். எழுதிக் குடுத்தா லீவு உண்டாம். ‘ப்ரியா ஒரு தடவகூடக் கேக்கலியேம்மா, அவளுக்கு அங்கதான் பிடிச்சிருக்கு’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நடுரோட்டுல நின்னு நானும் சிரிச்சேன்.

வேலுமணி: பாப்பா... உண்மையா? ... ஏன்மா, எந்திரிச்சுட்ட... வெயில்ல எங்க போற? ஏதாவது சொல்லிட்டுப் போயேன்... சுப்பு, அவ கேட்டத் தொறந்துக்கிட்டுப் போறா.

சுப்புலட்சுமி: போகட்டும், கூப்பிடாதீங்க. பரண் மேல மிக்ஸி அட்டைப்பெட்டி இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் பாஸ்போர்ட்டு. எனக்கு ஸ்டூல் போட்டாதான் எட்டும். எடுத்து அவ பையில வச்சிருங்க.