கடல் மேல் மல்லி

மீன் விற்றுவிட்டுப் பனித்திட்டுக்குத் திரும்பும் இரண்டு பெண்கள், பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே பாகூர் வயல்கள் மிதந்து போயின.

“கனவைப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்த காலேஜ் பொண்ணுகிட்ட இன்னாடி சொன்ன?”

“கடல் மேல மல்லி பூத்துக் கெடந்துச்சுன்னு சொன்னேன்.”

“அடிப்பாவி, அது என் கனவாச்சே! நானும் அதத்தான் சொன்னேன்.”

“அதான் ரெண்டு பேருக்கும் ஒரே கனவான்னு அந்தப் பொண்ணு ஆச்சரியப்பட்டுச்சா?”

“உன் கனவ சொல்றதுக்கு இன்னா?”

“செத்துப்போன எங்க வூட்டுக்காரரு தெனம் வர்றாருடி. வெளிய சொன்னா அப்புறம் வர மாட்டாரு.”

“ஐயோ, இப்ப எங்கிட்ட சொல்லிட்டியே!”

மற்றவள் காலிக் கூடையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

“நீ இன்னா வெளியாளா?”