ஒலக்கூர் ஏரியில் விமானம் ஓட்டியது நான்தான்

14.5.1987 காலையில், திண்டிவனம் காவல் நிலைய எழுத்தர் முன்பாகச் சொல்லிப் பதிவு செய்யப்பட்டது.

பெயர் குசுமா. வயது 34. கணவர் பெயர் ஜம்புகுமார். மதம் ஜைனம். விலாசம் கோயில் தெரு, ஒலக்கூர், திண்டிவனம் வட்டம், தென்னார்க்காடு மாவட்டம். தொழில் என்ற இடத்தில் எழுத்தர் என்னைக் கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதிக்கொண்டார். களத்து வேலையும் நான்தான் பார்க்கிறேன், அதையும் எழுதுங்கள் என்று சொன்னேன். சேர்க்கப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்குப் பிறந்த வீடு விழுப்புரம். பத்தாவது வரை அங்கே படித்தேன். ஒலக்கூரில் எங்களுக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் விளையும் நிலம் இருக்கிறது. நேற்று விடியற்காலையில் ஏரிக்கு மேலே பறந்த ரிமோட் விமானம் சம்பந்தமாக, எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் நடராசன் கொடுத்த புகாரின் பேரில் என் கணவரை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். 'நான்தான் ஓட்டினேன்' என்று அவர் சொன்னதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவர் அப்படிச் சொன்னது உண்மை. அவர் ஓட்டினார் என்பது பொய். ஓட்டியவள் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே பஸ் ஏறி வந்து இதைச் சொல்கிறேன்.

கோட்டக்குப்பம் முகம்மது கவுஸ் என்பவர் என் கணவரோடு திண்டிவனத்தில் ஒன்றாகப் படித்த சிநேகிதர். குவைத்தில் வேலை பார்க்கிறார். மாசி மாதம் லீவில் வந்தவர், பேட்டரியில் ஓடும் விமானம் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து என் கணவருக்குக் கொடுத்தார். அது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான விமானம் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. உடம்பும் சிறகும் தெர்மாகோல். மூக்கில் சின்ன மோட்டாரும் விசிறியும் இருக்கும். தரையில் நிற்பவர் கையில் ஒரு பெட்டி, அதில் இரண்டு குச்சிகள், இழுத்தால் நீளும் ஏரியல் கம்பி. ஒரு குச்சி விமானத்தை இடம் வலம் திருப்பும், இன்னொன்று மூக்கை ஏற்றி இறக்கும். மோட்டாரை முடுக்கவும் நிறுத்தவும் பக்கத்தில் ஒரு பொத்தான். நடராசன் தன் புகாரில் இதை உளவு விமானம் என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். அதில் கேமராவும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அதன் பிறகு என் கணவர் அதன் பாகங்களை ஒட்டி முடித்தார். கடையில் விற்கும் பசையை அவர் தொடவில்லை. எலும்பையும் தோலையும் காய்ச்சி எதில் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகம். ஆகவே என்னைப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சச் சொன்னார். காய்ச்சிக் கொடுத்தேன். ஒட்டிய விமானத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குப் போய்ப் பறக்க விட்டார். விழுந்தது. மறுபடி ஒட்டி மறுபடி விட்டார். ஒருமுறை ஏரியலை இழுத்துவிட மறந்ததால் விமானம் அவர் சொல் கேளாமல் கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. மற்ற முறையெல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் தள்ளாடிப் பொத்தென்று வால்பக்கமாக விழுந்தது. விழ விழ வாலில் பசை ஏறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக அவர் மோட்டாரைக் குறை சொன்னார், பேட்டரியைக் குறை சொன்னார், கொண்டுவந்த சிநேகிதரையும் குறை சொன்னார்.

லீவு முடியப்போகும் நேரத்தில், போன வாரம் கவுஸ் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். "டேய் ஜம்பு, ஒன்னால ஆவலன்னா குடுத்துடு. நான் ஊருக்குப் போறதுக்குள்ள வேற யாருக்காச்சும் தந்துட்டுப் போறேன்" என்றார். என் கணவர், "எட்த்துக்கினு போடா, இது பறக்கற ஜாதியே இல்ல" என்றார். காப்பி கொண்டுபோன நான், "நான் ஒரு தபா பாக்கட்டுமாங்க?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஒனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? போய்க் களத்தப் பாரு" என்றார் என் கணவர். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. கவுஸ் பாய் அடுத்த வாரம் வந்து பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

களத்தைப் பார்க்கச் சொன்னார், களத்தைத்தான் பார்த்தேன். மறுநாள் கேப்பை அடித்துக் குவித்திருந்தோம். காலையிலேயே தூற்றி முடித்துவிடலாம் என்று நான் அவசரப்படுத்தியதற்கு, கூலிக்கு வந்திருந்த பாஞ்சாலி, "எல ஒண்ணாச்சும் ஆடுதாம்மா? எத்த வச்சித் தூத்துறது? மூணு மணிக்கு மேல கடல்காத்து வரட்டும், ஜல்தியா முடிச்சிடலாம்" என்றாள். அப்படியே மூன்று மணிக்கு மேல் காற்று வந்தது. முறத்திலிருந்து விழுந்த உமி வரப்பைத் தாண்டிப் பறந்தது. அதே நேரம்தான் என் கணவர் தினமும் ஏரிக்கு விமானத்தைத் தூக்கிக்கொண்டு போன நேரம். எங்களுக்கு விளக்கு வைப்பதற்கு முன்பே சாயங்காலச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். அதற்குள் விட்டுவிட்டு வர வேண்டும் என்று, உமி நிற்காத காற்றில் தெர்மாகோலை நிறுத்தப் பார்த்திருக்கிறார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும், இதற்கு மட்டும் காற்றில்லாதபோது போக வேண்டும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. கையிலிருந்த முறத்தைப் பாஞ்சாலியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு நான் செய்தவை: குதிர் மேல் கிடந்த விமானத்தை இறக்கினேன். பெட்டியில் போட்டிருந்த படங்களைப் பார்த்தேன். சிறகுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கினால், தராசு முள் போல நேராக நிற்க வேண்டும் என்று ஒரு படம். தூக்கினேன், வால் தொங்கிற்று. வெந்நீரில் துணியை நனைத்து, வாலில் அப்பியிருந்த பசையை எல்லாம் ஊற வைத்துத் துடைத்து எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒரே பூச்சு பூசினேன். காய்வதற்குள் அதில் எறும்பு மொய்த்துவிட்டது. எறும்பைத் தட்டக் கூடாது என்பதால் அவை தாமாக இறங்கும்வரை நிழலில் வைத்துக் காத்திருந்தேன். பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்ததும் விமானம் விரல் மேல் நேராக நின்றது.

அதன் பிறகு விசிறியைப் பார்த்தேன். அதில் பொறித்திருந்த எழுத்து படத்தில் முன்பக்கம் தெரிந்தது. எங்கள் விமானத்தில் எழுத்து பின்னால் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவர் ஒருமுறை கழற்றியவர் திருப்பி மாட்டியிருக்கிறார். விசிறி சுற்றும், சத்தமும் போடும், இழுப்பு மட்டும் பாதிகூட இருக்காது. நேராக மாட்டினேன். மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒன்று அறுந்து நூலில் நின்றது. அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி விழுப்புரம் போய், ஒரு ரேடியோக் கடையில் அதைப் பற்றவைத்து வாங்கி வந்தேன். அம்மாவையும் பார்த்தேன், ஆகவே அது பொய் ஆகாது.

நேற்று விடியும் முன்பு, டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏற்றிய விமானத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனேன். என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பொழுது புறப்படும் முன் எங்களுக்குப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது, ஆகவே வெறும் வயிறு. கிழக்கு வெளுத்தது. ஓர் இலை ஆடவில்லை. ஏரியலை முழுக்க இழுத்தேன். முதலில் கைப்பெட்டி, பிறகு விமானம் என்று கவுஸ் பாய் என் கணவருக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே சுவிட்சைப் போட்டேன். வால் சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, மோட்டாரை முடுக்கி நேராக வீசினேன். போனது. விழும் விழும் என்று பார்த்தேன், விழவில்லை. கரைக்கு மேலே ஏறிற்று.

திருப்பி என் பக்கம் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் வந்தது. நம்மை நோக்கி வரும்போது அதற்கு இடம் நமக்கு வலம். கண்ணாடி பார்த்து வகிடு எடுக்கும்போது கை மாறிப் போவது போல, குச்சியைத் தள்ளத் தள்ள அது எதிர்ப்பக்கம் போயிற்று. அப்படித்தான் நடராசனின் பம்புசெட்டுக்கு மேலே போனது. வேண்டுமென்று போகவில்லை. உடனே நான் விமானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தோளுக்கு மேலே பார்த்து ஓட்டினேன். அதன் இடம் என் இடம் ஆயிற்று. சொன்னபடி கேட்டது. ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வண்டி மாடுகள் மிரண்டு ஓடியதாகப் புகாரில் இருக்கிறது. மாடுகள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த நடராசன்தான் கயிற்றை விட்டுவிட்டு "ஐயோ"வென்று ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மாடுகளும் ஓடின. நான் நேரில் கண்டேன்.

அதன் பிறகு மோட்டாரை நிறுத்தி, ஏரியின் மெத்தென்ற மண்ணில் இறக்கினேன். ஒரு கீறல் இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, பார்க்க ஆளில்லாததால் இரண்டையும் அனுபவித்தேன். வாலில் பசைக்கு வந்த சிற்றெறும்பு ஒன்று எனக்குத் தெரியாமல் கூடவே பறந்திருக்கிறது. அது உயிரோடு இறங்கி மண்ணில் நடந்து போயிற்று. ஆகவே இந்தச் சம்பவத்தில் எந்த உயிருக்கும் சேதம் இல்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரை எழுப்பி, "பறந்துச்சுங்க" என்றேன். "கனவு கண்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். மத்தியானம் காவலர்கள் வந்து, "ஏரியில பிளேன் வுட்டது யாரு?" என்று கேட்டபோது நான் கொல்லையில் இருந்தேன். வாசலுக்கு வருவதற்குள் "நான்தாங்க" என்று சொல்லி அவர் வண்டி ஏறிவிட்டார். விமானத்தையும் எடுத்துப் போய்விட்டார்கள். நான் பின்னாலேயே பஸ்ஸில் வந்து கேட்டதற்கு, "ஸ்டேஷன் வாசலுக்கு ஒன்ன இழுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "நல்லாப் பறந்துச்சுன்னு சொன்னாங்களா, வாயில வந்துடுச்சு குசுமா" என்றார். என்னைக் காப்பாற்ற நினைத்ததற்கு எனக்கு அவர் மேல் பிரியம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் என் கை செய்தது எல்லாம் 'ஜம்புகுமார் வீட்டு' ஊறுகாய், 'ஜம்புகுமார் களத்து' கேப்பை என்றே ஊரில் பேர். பழியை வேண்டுமானால் அவர் சுமக்கட்டும், பறந்ததை நான் விட்டுத்தர முடியாது.

உதவி ஆய்வாளர் அவர்கள் முதலில் நம்பவில்லை. "ஏம்மா, புருசனக் காப்பாத்த வந்துக்கிறியா?" என்று கேட்டார். "இல்லீங்க சார். அவுரு ஓட்டியிருந்தா அது பறந்தே இருக்காதுங்க" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். மணி நான்கு, கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் மாட்டேன், காலையில் காட்டுகிறேன் என்று சொன்னேன். தெரியாதவள் சாக்குச் சொல்கிறாள் என்று ஒரு காவலர் சிரித்தார். ராத்திரி நான் திண்டிவனத்தில் உறவினர் வீட்டில் தங்கினேன்.

இன்று விடியலில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், உதவி ஆய்வாளர், காவலர்கள், புகார்தாரர் நடராசன், என் கணவர் ஆகியோர் முன்னிலையில், நிலைய ஜீப்பின் பேட்டரியில் சார்ஜ் ஏற்றி விமானத்தை விட்டேன். கொடிக்கம்பத்துக்கு மேலே ஏற்றி, வேப்பமரத்தைச் சுற்றி, ஒருமுறை எல்லோர் தலைக்கும் மேலாகக் கொண்டுவந்தேன். சிரித்த காவலர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். என் கணவர், "குசுமா, திருப்பு, திருப்பு" என்று கத்தினார். "சும்மா இருங்க, எனக்குத் தெரியும்" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பேட்டரி இறங்கி, வாலைத் திருப்ப மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மோட்டார் நின்றுபோனது. எல்லோரும் "போச்சு" என்றார்கள். போகவில்லை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். அது சத்தமில்லாமல் மிதந்து வந்து, உதவி ஆய்வாளரின் பூட்ஸுக்கு முன்னால் தரை இறங்கிற்று. காவலர்கள் கை தட்டினார்கள். என் கணவர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

நடராசன் கிட்டே வந்து குனிந்து பார்த்து, "இதுவாங்க நேத்து என் மேல வந்துது? கோழி கணக்கா இருக்குது!" என்றார். "இதுக்காய்யா மாட்ட வுட்டுட்டு ஓடின?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நடராசன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான், என் பெயரில் இந்த வாக்குமூலத்தை எழுதாமல் நிலையத்தை விட்டுப் போக மாட்டேன் என்று சொன்னதன் பேரில் இது எழுதப்படுகிறது. விமானத்தை என் கணவரிடம் தராமல் என்னிடமே ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கவுஸ் பாய் வந்தால் அதைத் திருப்பித் தருவதாக இல்லை.

எழுத்தர் இதை எனக்குப் படித்துக் காட்டினார். பிறகு நானும் வாங்கிப் படித்தேன். ஏரியில் விட்டதைச் சொல்லும் இடத்தில் 'கணவரின் உதவியுடன்' என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடித்து, 'என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்' என்று நான் சொன்னபடியே எழுதச் செய்தேன். இப்போது இதில் உள்ளது முழுவதும் நடந்தது நடந்தபடி, என் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

(ஒப்பம்) ஜ. குசுமா

விமானம் ஓட்டியவர் மேற்படி குசுமா என்பதற்கு நேரில் கண்ட சாட்சி:
(ஒப்பம்) ஜம்புகுமார்