நீல வெள்ளைக் கைப்பட்டி

— ஆணி மட்டும் சுவத்துல இருக்கு. படம் எங்கே?

— எந்தப் படம்?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்த மோட்டார் சைக்கிள்காரர் படம். வீட்டுல இருக்கிறதே நீங்களும் நானும்தான். நான் எடுக்கலை. அடுப்பை அணைச்சது பாதி, ஓடி வந்தது பாதி.

— பார்றா! எனக்குக் காய்ச்சல்னு ஆள் அனுப்பினப்போ ஆற அமர முகம் கழுவிட்டு வந்தே. அந்தாளு ஆணியிலேருந்து இறங்கினதும் ஸ்டுடியோ வரைக்கும் ஓட்டமா?

— ஆரம்பிச்சுட்டீங்களா!

— பதறாதே. கண்ணாடி விரிசல் விட்டிருந்துச்சு. மாத்தலாம்னு எடுத்துட்டு வந்தேன்.

— உங்க வாட்ச் கண்ணாடி விரிசல் விட்டு எத்தனை நாளாச்சு? அதை மாத்தினீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

— சரி, சொல்றேன். பெருசாக்கிப் பாத்தேன். இந்தா, இன்னும் ஈரம் காயலை, ஓரத்தைப் பிடி.

— என்னங்க இது, கை மட்டும்தான் இருக்கு! முகம் எங்கே?

— முகம் எனக்கெதுக்கு? தினம் சாப்பிடும்போது எதிர்ல அதானே தொங்குது. உப்பு கம்மின்னு உன்கிட்ட சொல்றதைக்கூட அந்தாளு முகத்தைப் பாத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கு. இங்கே பாரு, முழங்கைக்கு மேலே ஒரு பட்டி. மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை.

— கறுப்பு இல்லைங்க, நீலம்.

— ஆகா! கறுப்பு வெள்ளைப் படத்துல உனக்கு மட்டும் நீலம் தெரியுது! நேத்து நான் போட்டிருந்த சட்டை என்ன நிறம்? சொல்லு பாப்போம்.

— துவைச்சவ நான். அழுக்கு நிறம்.

— சிரி, நல்லா சிரி. அந்தப் பட்டி என்னன்னு தெரியுமா?

— ராணுவத்துல தகவல் கொண்டு போறவங்க கட்டறது.

— அவ்வளவுதான் உனக்குத் தெரியும். யுத்தக் கண்காட்சிக்குப் பழைய படம் தேடி ஒரு பட்டாளத்துப் பெரியவர் காலையில வந்தார். இதைக் காட்டினேன். அவர் சொல்றார், இந்தப் பட்டி கட்டினவன் வண்டியை ஒருத்தனும் நிறுத்தக் கூடாதாம். காவல்காரன் தடுப்பைத் தூக்கிட்டு ஒதுங்கி நிக்கணுமாம். தூரத்துலேருந்தே ஆளைத் தெரியணும்னுதான் இந்த ரெண்டு நிறமாம்.

— சரி.

— என்ன சரி? உனக்கு உறைக்கலையா? உங்க வீட்டுல என்ன கதை சொன்னீங்க? அவன் உன்னைப் பொண்ணு கேக்க வர்றேன்னு சொன்ன அன்னைக்கு, பாலத்துல அவனை நிறுத்திட்டாங்க, இல்லைன்னா பறந்து வந்திருப்பான்னுதானே? உங்க சித்தப்பா எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் பக்கத்துல உக்காந்து அதைச் சொல்லி உச்சுக்கொட்டுவார். எனக்குச் சோறு இறங்காது.

— அவர் வாய் அப்படி.

— பாலத்துல அவனை நிறுத்தினதாலதான் நான் மாப்பிள்ளை. முன்னாடி பஸ்ஸு போயிடுச்சுன்னு ஏறின பின்னாடி பஸ்ஸு. இத்தனை வருஷமா இதை முழுங்கிட்டு இருக்கேன். அந்தாளு யுத்தத்துல செத்துட்டான். செத்தவன்கூட எப்படிப் போட்டி போடறது? அவனுக்கு நரைக்காது, தொந்தி விழாது, குறட்டை வராது!

— பொறாமையை இப்படியா வாய்விட்டுச் சொல்லுவீங்க!

— ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. ஆனா இன்னைக்குத் தீந்துச்சு. இந்தப் படம் அந்த வாரம் எடுத்ததுன்னு நீயே சொல்லியிருக்கே. கையில பட்டி இருக்கு. அப்போ யார் அவனை நிறுத்தியிருக்க முடியும்? அவனுக்கு வர மனசில்லை. உன்னை நல்லா ஏமாத்திட்டான்.

— அவரை அப்படிச் சொல்லாதீங்க.

— இன்னும் பரிஞ்சு பேசறே பார்!

— பாவங்க அது. செத்த சேதி வந்தப்போ படம் மாட்டக்கூட அவருக்குன்னு ஒரு வீடு இல்லை. அதான் நம்ம வீட்டுல மாட்டினேன். அவர் ஏமாத்தலை. வந்தார்.

— என்னது?

— பட்டியோடதான் வந்தார். பாலத்துல யாரும் நிறுத்தலை. அந்தக் கதையைக் கட்டிவிட்டது நான்.

— வந்தானா? யார் பாத்தா?

— நான் மட்டும்தான். நீங்களும் அப்போ அங்கேதான் இருந்தீங்க. அவர் வருவாரோ மாட்டாரோன்னு, எனக்கு வேற வரன் பாக்கப் படம் வேணும்னு அப்பா உங்களைக் கூப்பிட்டிருந்தாரே, அதே நாள்.

— உன்னை நான் முதல்ல பாத்த நாளா?

— அதேதான். நான் விறைச்சுப் போய் நின்னேன். “மூச்சு விடுங்க, மூச்செல்லாம் படத்துல விழாது”ன்னீங்க. அப்படி யாரும் அதுவரைக்கும் என்கிட்ட பேசினதில்லை. அப்புறம் கேமராவோட கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுட்டீங்க. தெருவுல வண்டி சத்தம். “எவன்டா அவன்”னு உள்ளேருந்தே திட்டினீங்க.

— திட்டினேனா?

— உங்க முதுகுக்குப் பின்னாடி வாசப்படியில நின்னார். உள்ளே வரட்டுமான்னு கண்ணாலயே கேட்டார்.

— நீ... நீ என்ன சொன்னே?

— அந்தப் படத்துல முகம் தெளிவா விழுந்துச்சு, கை மட்டும் கலங்கிப் போச்சு. அசையாதீங்கன்னு அவ்வளவு சொல்லியும் கேக்கலையேன்னு என்மேல எரிஞ்சு விழுந்தீங்க. அவரைப் போயிடுங்கன்னு சொன்ன கைங்க அது.