மஞ்சக்காட்டு மாரடைப்பு

"எங்க ஊருல மாரடைப்பெல்லாம் மஞ்சக்காட்டுலதானுங்க வருது."

நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையிலிருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த மூத்த பெண்ணிடம் இப்படிச் சொன்னாள். அண்மையில் கணவரை இழந்தவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏஞ்சாமி அப்படிச் சொல்ற?"

"எங்கூட்டுக்காரரு மஞ்சளுக்குப் பூச்சிமருந்து அடிச்சுப்போட்டு வந்து வரப்புல சாஞ்சாருங்க்கா. வாயெல்லாம் நொரை. மாமியா அதைத் தொடச்சுப்போட்டு, நெஞ்சுவலின்னே சொல்லோணும்னாங்க."

"எதுக்கு?"

"மருந்துன்னு சொன்னா, குடிச்சுப்போட்டான்னு ஊரு பேசுமாம். ஒடம்பையும் அறுப்பாங்களாம்."

"அதுவுஞ் செரிதான். நீயும் அப்படியே சொன்னியா?"

"சொன்னனுங்க. எல்லாரும் நம்பிட்டாங்க. கொழுந்தனாரும் நம்பிட்டாரு. இன்னிக்கு மருந்தடிக்கற அதே டேங்க்கை முதுகுல மாட்டிக்கிட்டு அவரு காட்டுக்குப் போயிருக்காரு. மூக்குக்குத் துணி கட்டுங்கன்னா, அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லை, எனக்கென்னன்னு சிரிக்கறாரு."

மூத்தவள் பதறினாள். "அட, உள்ளதைச் சொல்லிப்போடு கண்ணு!"

"சொன்னனுங்க்கா. துக்கத்துல ஒளர்றேன்னுட்டாரு. மாமியாளையாச்சும் சொல்லச் சொல்லிக் கெஞ்சுனேன். அவங்களே இப்ப நெஞ்சுவலின்னுதான் நம்பறாங்க."