எலுமிச்சைக் கன்றின் முடிச்சு

— நீங்க, அண்ணி, நான், உங்க பொண்ணு. அந்தப் பக்கம் மாப்பிள்ளை, அவரைப் பெத்தவங்க. அத்தனை பேர் முன்னாடியும், மாப்பிள்ளை ஆசையாக் கொண்டு வந்த எலுமிச்சைக் கன்னைத் தொட்டியிலேருந்து உருவிப் பார்த்தீங்களே அண்ணா, நல்லா இருக்கா?

— நர்சரிக்காரன் வேரைப் பார்க்காம வேற எதைப் பார்ப்பான்? இலையைத் திருப்பினா சொறி நோய். பழுப்புப் புள்ளி, சுத்தி மஞ்சள் வளையம். கேட்டுக்கோ பாப்பா, எந்தப் புதுச் செடியும் தனிக் கொட்டகையில ஒரு மாசம் இருந்துட்டுத்தான் நம்ம தோட்டத்துக்குள்ள வரும். அப்பா போட்ட சட்டம்.

— மாப்பிள்ளையையும் கொட்டகையில உட்கார வைப்பீங்களோ?

— உன்னைக் கட்டினவரை வச்சிருக்கணும். அப்பா விட்டுட்டாரு.

— போங்கண்ணா! சிரிக்க வைக்காதீங்க, நான் கோபமா வந்திருக்கேன். "இந்த நோயை வித்த பொறுப்பத்தவன் எவன்?"னு கத்தினீங்க. அந்தப் பிள்ளை வாயே திறக்கலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அவங்கம்மா காப்பியைக் கூடத் தொடாம எழுந்துட்டாங்க. சம்பந்தம் முறிஞ்சா உங்க பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க? அவ அறைக்கதவு இன்னும் சாத்தியே கிடக்குதா?

— காலையில திறந்துட்டா. நான்தான் தட்டினேன்.

— நீங்களா? யார் கதவைத் தட்டியிருக்கீங்க இதுவரைக்கும்? அது சரி, பின்னாடி என்ன புகை? அந்தக் கன்னையா எரிச்சீங்க?

— அதையும்தான். நம்ம எலுமிச்சை வரிசை முழுசையும்.

— ஐயையோ! உள்ளயே வராத ஒத்தைக் கன்னுக்காகவா?

— சொறி வந்தா பாதியை மட்டும் வச்சுக்க முடியாது. காலர் சரியா இருக்கா பாரு.

— இருக்கு. எங்க கிளம்பிட்டீங்க?

— மாப்பிள்ளை வீட்டுக்கு. நீயும் வா. அவங்கம்மா கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்ல.

— நீங்க, மன்னிப்பு! இருங்க, செருப்பை மாட்டிக்கிறேன், மனசு மாறிடப் போகுது. ஆனா அவர் மேலயும் தப்பு இருக்கே அண்ணா. ரோட்டோரத்துல மலிவாக் கிடைச்சதை வாங்கிட்டு வந்துட்டாராமே, தெரு பூரா அதுதான் பேச்சு.

— தப்பான பேச்சு. அவங்க போனப்புறம் கன்னுல ஒட்டுப் போட்டுக் கட்டியிருந்த நாரைப் பார்த்தேன். இடக்கை முடிச்சு. அப்படி முடிச்சுப் போடறது நான் ஒருத்தன்தான். நான் இல்லாத நேரத்துல வந்து நம்ம நர்சரியிலதான் வாங்கியிருக்கார். வித்தவன் எவன்னு நான் கேட்டப்ப, அவர் சொல்லலை.