மருந்துப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டது பற்றி

எனது பெயர் வெர்லின் கோகர். வயது எழுபத்து நான்கு. மேற்கு வர்ஜீனியா, ஓக் லிக் ஊர், மில் தெரு, பன்னிரண்டாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர்ச் சொத்தான மருந்துப் பெட்டியை உடைத்ததாக என்மேல் புகார். உடைத்தது நான்தான். ஆனால் நடந்த தவறு அதுவல்ல. போதை மாத்திரை மிகுதியாகி மூச்சு நிற்கிறவரைப் பிழைக்க வைக்கும் மருந்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கும்போது, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதுதான் தவறு. பூட்டியவர், இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் ஊர்மன்றச் செயலாளர் டோர்சி ஹாம்ரிக்.

தீயணைப்புக் கூடத்துச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டக் கேட்டு மன்றத்துக்குப் பதினொரு கடிதம் எழுதியவன் நான். சட்டத்தை நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்து, பிரிவு எண் போட்டு எழுதினேன். பெட்டி வந்த அன்றே டோர்சி பூட்டும் வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"தெறந்து வெச்சா அந்த மாதிரி ஆளுங்க திருடிட்டுப் போயிடுவாங்க, வெர்லின்."

"திருடி என்னய்யா பண்ணுவான்? இன்னொருத்தனப் பொழைக்க வைப்பான். அதுல போதையே கெடையாது."

அவர் சாவியைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார்.

அதன் பிறகு, சென்ற சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணியளவில், அதே கூடத்தில் வருடாந்தரக் காட்டுப்பூண்டு விருந்து நடந்தது. நான் இரும்பு வாணலியில் உருளைக்கிழங்கையும் பூண்டையும் பன்றிக் கொழுப்பில் வறுத்துக்கொண்டும், ருசி பார்க்கும் பொருட்டுக் கணிசமாகத் தின்றுகொண்டும் இருந்தேன். அதன் பிறகு கோட்டு மாட்டும் அறையில் குறட்டைச் சத்தம் கேட்டு, விருந்தில் தூங்குகிறவன் யாரென்று பார்க்கப் போனேன். டோர்சி கிடந்தார். மார்பை அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லை. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கையருகில் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைக் குப்பி. உதடு நீலம். நான்கு வருடத்துக்கு முன் என் மகள் லொரீட்டாவைக் காருக்குள் உயிரில்லாமல் பார்த்தபோதும் உதடு அதே நிறம். கார் மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தது. இதை எழுத வேண்டியதில்லை என்று, நான் சொல்வதை எழுதிக்கொள்ளும் துணை ஷெரிப் சொன்னார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு, விருந்துக்கு வந்திருந்த பாஸ்டர் ஹார்லன் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். டோர்சியின் இடுப்பிலிருந்த வளையத்தைக் கழற்றிப் பாஸ்டரிடம் கொடுத்தேன். அதில் முப்பத்தேழு சாவிகள். கல்லறைத் தோட்டம், தண்ணீர்த் தொட்டி, பூங்காக் கழிப்பறை எல்லாம் அதில்தான். ஒன்றிலும் அடையாளம் இல்லை. பாஸ்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஆறாவது சாவியில், "பொறு வெர்லின், கர்த்தர் வழி காட்டுவாரு" என்றார்.

"காட்டிட்டாரு. தள்ளி நில்லுங்க பாஸ்டர்" என்று சொல்லி, வாணலியிலிருந்த கிழங்கை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, வாணலியால் பெட்டியை ஒரே அடி அடித்தேன்.

அதன் பிறகு மருந்தை ஒரு மூக்குத் துவாரத்தில் பீய்ச்சி, வாயோடு வாய் வைத்து ஊதினேன். மூன்று நிமிடமாகியும் அசைவில்லாததால் மற்றத் துவாரத்தில் இன்னொன்று பீய்ச்சினேன். அதன் பிறகு டோர்சி கண் திறந்தார். முதலில் சொன்னது, "யோவ், வாயா அது? தூரப் போய்யா!" இரண்டாவதாகச் சொன்னது என் தாயாரைப் பற்றியது, அதை இங்கே சொல்லவில்லை. மூன்றாவதாகச் சுவரைப் பார்த்து, "பெட்டிய எவன் ஒடைச்சது?" என்றார்.

பூண்டு நெடியில் மயங்கியதாகப் புகாரில் எழுதியிருக்கிறார். பூண்டு மயக்கம் இந்த மருந்துக்குத் தெளியாது. அவருடைய முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தியது ஊருக்கே தெரியும். அவர் குப்பியைப் பற்றி வழக்குப் போட வேண்டாம். ஆம்புலன்சைக் கூப்பிட்டுக் காப்பாற்றப்பட்டவர்மேல் அந்த வழக்குக் கூடாது என்பதும் நான் படித்த சட்டத்தில் இருக்கிறது. இப்போது சுவரில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் உள்ளன. பெட்டி இனி வேண்டுமா என்று மன்றம் வியாழக்கிழமை முடிவு செய்யப் போகிறதாம்.

ஆகவே செய்ய வேண்டியவை: மன்றம் வியாழக்கிழமையே பெட்டியைத் திரும்ப மாட்ட வேண்டும், பூட்டு இல்லாமல். பாஸ்டர் தேவாலய வாசலில் இன்னொன்று வைக்க வேண்டும், ஆறு சாவி போட்டுப் பார்த்தவர் என்ற முறையில். தடயமென்று எடுத்துப்போன என் வாணலியைச் சோப்புப் போட்டுக் கழுவியவர் யாரென்று துணை ஷெரிப் கண்டுபிடித்து, அவரையே கொழுப்புத் தடவிப் பழக்கித் தரச் சொல்ல வேண்டும். மாத்திரை விஷயத்தை டோர்சி தன் மனைவி வில்மாவிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். மூச்சு நின்றவன் தன் மூக்கில் தானே பீய்ச்சிக்கொள்ள முடியாது. இரண்டு மருந்தை அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியில் நேற்றே வைத்துவிட்டேன். எப்படிக் கொடுப்பது என்று வில்மா எந்த நேரம் வந்து கேட்டாலும் சொல்லித் தருவேன். டோர்சியோடு பேசமாட்டேன்.

மேற்கண்டதைப் படித்துக் காட்டினார்கள். இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வெர்லின் கோகர்