வருஷத்துக்கு ஒரே தொகை

வக்கீல்: அய்யோ, என் பில்லுல இதையுமா அடிச்சிட்டே?

மேலாளர்: அடிச்சாச்சு. ஒரு விசாரணைக்கு உங்க ஆபீஸ்லேருந்து மூணு வக்கீல் எதுக்கு? நீ பேசினே. மத்த ரெண்டு பேரும்...

வக்கீல்: குறிப்பு எடுத்தாங்க!

மேலாளர்: ஒரே குறிப்பை ரெண்டு பேரா?

வக்கீல்: ...சரி, ஒருத்தரைக் கழிச்சுடு.

மேலாளர்: ரெண்டு பேரையும் கழிச்சாச்சு. அடுத்தது, "கோப்பு படித்தல், நாலு மணி நேரம்". அதைப் படிச்சுச் சுருக்கி உனக்கு அனுப்பினதே எங்க சட்டப் பிரிவுதான்.

வக்கீல்: அந்தச் சுருக்கத்தைப் படிக்க வேண்டாமா?

மேலாளர்: ரெண்டு பக்கம்டா. எழுத்துக் கூட்டிப் படிச்சியா?

வக்கீல்: காலேஜ்ல என் பேப்பரைப் பாத்துக் காப்பி அடிச்சவ பேசற பேச்சா இது...

மேலாளர்: காப்பி அடிச்சது நீ. இந்தக் கார் வாடகை என்னது? கோர்ட்டு உன் ஆபீஸுக்கு எதிர்லதானே இருக்கு?

வக்கீல்: அன்னிக்கு மழை.

மேலாளர்: ஒரு குடை வாங்கிக்கோ. அந்தப் பில்லையும் கம்பெனி தலையில கட்டாதே.

வக்கீல்: சரி சரி... எல்லாத்தையும் வெட்டிக்கோ.

மேலாளர்: என்ன இது, சண்டை போடாம ஒத்துக்கறே? உடம்பு கிடம்பு சரியில்லையா?

வக்கீல்: ஒண்ணுமில்லை.

மேலாளர்: பில் விஷயத்துக்கு எப்பவும் உன் கணக்கரைத்தான் அனுப்புவே. இன்னிக்கு நீயே வந்து உக்காந்திருக்கே. சொல்ல வந்ததைச் சொல்லு.

வக்கீல்: அது... எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. போன வாரம் உங்க முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. இனிமே மணிக்கணக்கு பில்லே கிடையாதாம். வருஷத்துக்கு ஒரே தொகை. எல்லாக் கேசும், எல்லா ஒப்பந்தமும் எங்ககிட்டயே...

மேலாளர்: ம்... அப்புறம்?

வக்கீல்: உங்க சட்டப் பிரிவை மூடறாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். முன்னாடியே உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஆனா...

மேலாளர்: ஆனா, நல்ல தொகை.

வக்கீல்: அப்படி ஒண்ணும் பெருசில்லை! இழுத்துப் பிடிச்சுத்தான் போட்டிருக்காங்க. அதுக்கு மேல, உன்கிட்ட வேலை பாக்கற ரெண்டு பேரையும் அதே சம்பளத்துக்கு நான் எடுத்துக்கணுமாம். அதுக்கும் சரின்னுட்டேன்.

மேலாளர்: நல்லது. ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க. வேலை வாங்கத் தெரிஞ்சுக்கோ.

வக்கீல்: அது சரி... உன் பேரு அதுல எங்கேயுமே இல்லையே?

மேலாளர்: அந்த ஒப்பந்தத்தை எழுதினதே நான்தான். என் பேரை நானே எப்படிப்பா எழுதிக்கறது?